மைனஸ் பதினொன்று

பொத்தானை அழுத்தினால்
நீல விளக்கு ஒருமுறை கண் திறக்கிறது.
விசிறி ஒரு சுற்று.
அப்புறம் கடுகு விழுந்தால் கேட்கும்.
பத்து அங்குலத் திரையில் என் முகம் மட்டும்,
அதுவும் கறுப்பாக.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
கிளம்பாத வண்டியோடு பேசத் தெரியும்:
டீசலா, பேட்டரியா, குழாயில் காற்றா
என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால்
ஏதாவது ஓரிடத்தில் உண்மையைக் கக்கிவிடும்.
இது கக்கவில்லை.
ஊமைக் கோட்டான்.

சார்ஜரை மாற்றினேன்.
பேட்டரியைக் கழற்றிவிட்டு
பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன்.
உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துபோகுமாம்.
நூறுவரை எண்ணினேன்.
விரல்தான் மரத்துப்போனது.

இனி அடிமூடியைத் திறக்க வேண்டும்.
ஏழு திருகு, எறும்புத் தலை அளவு.
அவ்வளவு சின்ன ஸ்க்ரூடிரைவர்
சேசிஸ் நகரத்து இந்த ஐந்து மாடிக் கட்டடத்தில்
நோர்முண்ட்ஸிடம்தான் இருக்கிறது.

கார் நிறுத்தும் இடத்துக்காக
மூன்று குளிர்காலமாக எங்களுக்குள் பேச்சில்லை.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
தபால்பெட்டிகளின் பெயர்களை வாசிப்பான்,
நான் போகும்வரை.

தட்டினேன். திறந்தான்.
என்னைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தான்.
செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நினைவகப் பட்டையின் பொன்னிறப் பற்களை
யாரோ என் பேருந்தில் விட்டுப்போன
அழிப்பானால் தேய்த்தான்.
விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினான்:
கறுப்பு ரொட்டித் துகள், ஒரு சூரியகாந்தி விதை,
இறகின் தூவி ஒன்று.
காசு போலிருந்த குட்டி பேட்டரியைப் பிடுங்கி
மீட்டரில் வைத்தான். உயிர் இருந்தது.
திரும்பப் பொருத்தினான்.
நீலம். ஒரு சுற்று. கடுகு.

"இதில் என்ன இருக்கிறது?"
மூன்று குளிர்காலத்தின் முதல் வாக்கியம்.

பதினோரு வருட ஆந்தைக் கணக்கு, என்றேன்.
கௌயா ஆற்றங்கரைக் காட்டில் நாற்பது மரப்பெட்டி.
எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை பறந்தது.
வேறு பிரதி உண்டா என்று அவன் கேட்கவில்லை.
என் காதுத் தழும்பை ஒருமுறை பார்த்தான்.

ஆத்திரத்தில் அந்தச் சனியனைத் தூக்கி
ஜன்னலுக்கு வெளியே
வெண்ணெயும் மீனும் வைக்கும் பலகையில் போட்டுவிட்டு
தேநீர் வைக்கப் போனேன்.
திரும்பியபோது வெளியே கைநீட்டி
சும்மா அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசிறி நிற்கவில்லை.

குளிரில் ஏதோ விரிசல் சுருங்கி ஒட்டியிருக்கும் என்றான்.
உள்ளே எடுத்துவராதே என்றான்.
ஜன்னல் வழியே மின்கம்பி இழுத்து
கம்பளித் தொப்பியும் கையுறையுமாக
பால்கனியில் குனிந்து நின்றோம்.
மைனஸ் பதினொன்று.
திரை சொன்ன தேதி
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
இரண்டு பேரும் திருத்தவில்லை.

பென் டிரைவுக்குள்
ஒவ்வொரு வருடமாக இறங்கியது.
நாற்பது சதவீதம். அறுபது.
அவன் மூக்கு சிவந்து ஒழுகியது.
தொண்ணூற்று மூன்றில் நீலம் அணைந்தது.
பிறகு எந்தக் குளிருக்கும் எழவில்லை.

தப்பியவை பத்து வருடம்.
போனது ஒரே ஒரு வசந்தம்.
அந்த வசந்தத்தில்
என் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன்
இவன்.

"இருபத்தேழில் மூன்று முட்டை," என்றான்,
மேசையில் திருகுகளைப் பொறுக்கியபடி.
"நாலு," என்றேன்.
"மூன்று. நாலாவதைப் பார்ப்பதற்குள்
தாய் உன் காதைக் கிழித்துவிட்டது, ஸ்கைட்ரீட்டே.
ரத்தம் என் மேல்தான் சொட்டியது."

நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன்.
முதல் பெட்டியிலிருந்து தொடங்கினோம்.
பெட்டிக்குப் பெட்டி சண்டை.
விடியும்போது பதினாறில் இருந்தோம்.

ஏழு திருகில் ஆறுதான் கிடைத்தது.